காங்கோ என்றால், எந்தக் காங்கோ?

பினாங்கில் கப்பல் சரக்கு அனுப்பும் தொழிலில் பல வருடமாக இருக்கிறேன். புதிதாக வேலைக்குச் சேரும் நம் பிள்ளைகள் ஆசியா, ஐரோப்பா என்றால் எப்படியாவது சமாளித்துவிடுவார்கள். ஆப்பிரிக்கா என்று வந்தால் திணறுகிறார்கள். கெட்டிக்காரப் பிள்ளைகள்தான். ஆனால் பலர் மூன்றாம் படிவத்தோடு புவியியலை விட்டவர்கள். அதற்கு மேல் அது விருப்பப் பாடம் என்பதால் வீட்டிலும் யாரும் வற்புறுத்துவதில்லை. இது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் விஷயம்.

அண்மையில் ஒரு வாடிக்கையாளர் அனுப்பிய தாளில், சரக்கு போய்ச் சேரும் இடம் என்ற கட்டத்தில் ‘காங்கோ’ என்று மட்டும் எழுதியிருந்தது. பயிற்சிக்கு வந்திருந்த பெண் அதை அப்படியே டிராஃப்டில் தட்டப் போனார்.

“எந்தக் காங்கோம்மா?” என்று கேட்டேன்.

“ரெண்டு இருக்காண்ணே?”

இருக்கிறது. காங்கோ ஆற்றின் ஒரு கரையில் கின்ஷாசா, எதிர்க்கரையில் பிராஸாவில். இரண்டும் இரு வேறு நாடுகளின் தலைநகரங்கள். ஒன்றைப் பார்த்தபடி ஒன்று இருந்தாலும் நடுவில் பாலம் கிடையாது, படகில்தான் கடக்க வேண்டும். கின்ஷாசா இருப்பது காங்கோ ஜனநாயகக் குடியரசில். பரப்பில் அது மலேசியாவைவிட ஏழு மடங்கு பெரிய நாடு. அதன் முக்கியத் துறைமுகம் மட்டாடி. பிராஸாவில் இருக்கும் காங்கோ குடியரசுக்குத் துறைமுகம் வேறு, புவாந்த் நுவார். பெட்டி தப்பான காங்கோவில் இறங்கினால் சுங்கம், வாடகை, அபராதம் என்று சேர்ந்து சரக்கின் விலையையே தின்றுவிடக்கூடும்.

அந்தப் பெண்ணை வரைபடத்தின் முன் உட்காரவைத்தேன். மட்டாடி கடலோரத்தில் இல்லை, ஆற்றுக்குள் இருக்கிறது. கப்பல் அதுவரைக்கும்தான் போகும். அதற்கு மேல் கின்ஷாசா வரை ஆறு பாறைகளில் இடித்து, அருவியும் சுழலுமாக இறங்கி வருகிறது. அதனால்தான் 1898-லேயே அந்தத் தூரத்துக்கு ரயில் பாதை போட்டுவிட்டார்கள். இந்தக் காரணம் புரிந்தபின் மட்டாடியும் கின்ஷாசாவும் அவருக்கு மறக்கவில்லை. தலைநகரப் பட்டியலை மனப்பாடம் செய்பவருக்கு அது அடுத்த மாதமே மறந்துபோகும்.

பெற்றோர்களுக்கு நான் சொல்வது இதுதான்: பிள்ளையிடம் தலைநகரத்தைக் கேட்காதீர்கள். அந்த நாட்டுக்குக் கடல் இருக்கிறதா, இல்லையென்றால் யார் வீட்டு வாசல் வழியாகப் போய்வருகிறது என்று கேளுங்கள். ஐக்கிய நாடுகள் சபையில் உறுப்பினராக உள்ள ஆப்பிரிக்க நாடுகள் 54. அவற்றில் 16-க்குக் கடற்கரையே இல்லை. 1993-இல் எரித்திரியா தனி நாடானபோது எத்தியோப்பியா தன் கடற்கரை முழுவதையும் இழந்தது. இன்று அதன் சரக்கில் பெரும்பகுதி ஜிபூத்தி வழியாகத்தான் வருகிறது. உகாண்டாவுக்குக் கென்யாவின் மொம்பாசா. சாம்பியாவின் செம்பைத் தான்சானியாவின் தாருஸ்ஸலாம் துறைமுகத்துக்குக் கொண்டுவர, 1970-களில் சீனாவின் உதவியோடு 1,860 கி.மீ. ரயில் பாதையே போட்டார்கள். இந்த மூன்று வழிகளையும் விரலால் தொட்டுப் பார்த்தால் கிழக்கு ஆப்பிரிக்கா ஓரளவு பிடிபட்டுவிடும்.

மேற்கே நைஜர் ஆற்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். எனக்கு மிகவும் பிடித்த ஆறு. கினியாவின் மேட்டு நிலத்தில், அட்லாண்டிக் கடலுக்குப் பக்கத்திலேயே பிறக்கிறது. ஆனால் கடலுக்கு முதுகைக் காட்டிவிட்டு வடகிழக்கே மாலிக்குள் நுழைந்து, திம்பக்டு அருகே சகாராவின் விளிம்பைத் தொட்டு, அப்புறம் தென்கிழக்கே திரும்பி, நைஜர், நைஜீரியா என்று சுற்றிக் கினியா வளைகுடாவில் கலக்கிறது. சுமார் 4,180 கி.மீ. பயணம். நைஜருக்கும் நைஜீரியாவுக்கும் குழப்பிக்கொள்பவர்கள் இந்த ஆற்றோடு ஒருமுறை போய்வந்தால் போதும். நைஜர் கடலில்லாத, பெரும்பகுதி பாலைவனமான நாடு. நைஜீரியா கடலோரத்தில் இருக்கிறது, ஆப்பிரிக்காவிலேயே மக்கள்தொகை மிகுந்த நாடும் அதுதான்.

ஆப்பிரிக்கா நமக்கென்ன என்று கேட்பவர்களும் உண்டு. 1860-இல் சென்னையிலிருந்து ட்ரூரோ என்ற கப்பலில் ஒப்பந்தக் கூலிகளாகப் போன நம் மக்கள் இறங்கிய இடம் தென்னாப்பிரிக்காவின் டர்பன். இங்கே தோட்டங்களுக்கு வந்த நம் முன்னோர் பட்ட பாட்டை அவர்களும் அங்கே கரும்புக் காட்டில் பட்டார்கள். நம் மக்கள் கூலிகளாகப் போன மொரிஷியஸும் ஆப்பிரிக்க நாடுதான்.

வரைபடம் வாங்கும்போது கொஞ்சம் கவனம் தேவை. சுவரில் மாட்டும் உலகப் படங்கள் பலவற்றில் கிரீன்லாந்தும் ஆப்பிரிக்காவும் கிட்டத்தட்ட ஒரே அளவாகத் தெரியும். உண்மையில் ஆப்பிரிக்கா அதைப்போல் 14 மடங்கு. அதனால் ஒரு உருண்டையும் வீட்டில் இருந்தால் நல்லது. பழைய அட்லஸ் வைத்திருப்பவர்கள் சூடானைப் பாருங்கள். ஒரே நாடாக இருந்தால் அது 2011-க்கு முந்தியது, தெற்கு சூடான் அதில் இருக்காது. சுவாசிலாந்து என்று இருந்தால் 2018-க்கு முந்தியது, இப்போது அது எஸ்வாத்தினி. மலையும் ஆறும் பார்க்க அந்த அட்லஸே போதும். நாட்டுப் பெயர்களுக்குப் புதிதாக ஒன்று வாங்கிவிடுங்கள்.