வீட்டிலேயே கால்சியம் ரியாக்டர்: குழாயில் மிச்சம் பிடிக்கலாம், கேஸில் கூடாது

கல் பவளம் வளரும் உப்புநீர் மீன்தொட்டியில் கால்சியமும் காரத்தன்மையும் தினமும் இறங்கும். பவளம் தன் கூட்டைக் கட்ட இரண்டையும் சேர்த்தே எடுக்கிறது: காரத்தன்மை 1 டி.கே.எச். (காரத்தன்மையை அளக்கும் அலகு) குறைந்தால், கால்சியம் லிட்டருக்கு ஏறக்குறைய 7 மில்லிகிராம் குறையும். ரியாக்டர் இதே கணக்கைத் திருப்பிப் போடுகிறது. மூடிய குழாய்க்குள் கார்பன் டை ஆக்சைடைக் கலந்து நீரின் பி.எச். அளவை 6.5 பக்கம் இறக்கினால், உள்ளிருக்கும் அரகோனைட் என்ற சுண்ணாம்புக் கல் கரைந்து, போன விகிதத்திலேயே இரண்டும் தொட்டிக்குத் திரும்பி வரும்.

அதனால்தான், ஏற்கெனவே கெட்டுப்போன அளவுகளை ரியாக்டர் சரிசெய்யாது. கால்சியம் குளோரைடும் சமையல் சோடாவும் தனித்தனியாகப் போட்டு, கால்சியத்தை லிட்டருக்கு 420 மில்லிகிராம், காரத்தன்மையை 8 டி.கே.எச். என்று முதலில் நிறுத்த வேண்டும். பிறகே ரியாக்டர். நூறு இருநூறு லிட்டர் தொட்டியில் நாலைந்து பவளம் மட்டும் இருந்தால் இது தேவையே இல்லை; தெளிந்த சுண்ணாம்பு நீரைச் சொட்டுச் சொட்டாக விட்டாலே போதும்.

உடல் பகுதி எளிது. 4 அங்குல பிவிசி குழாய் அரை மீட்டர், அடியில் ஒட்டிய எண்ட் கேப், மேலே ஓ ரிங் வைத்த திரெட் மூடி. கொள்ளளவு சுமார் 4 லிட்டர் வரும். நடுவில் ஒரு துண்டு அக்ரிலிக் குழாய் வைத்தால் கல் குறைவது கண்ணுக்குத் தெரியும். மணிக்கு 1000 லிட்டர் தள்ளும் பம்ப் ஒன்று மேலிருந்து நீரை உறிஞ்சி அடியில் தள்ளியபடி சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். கேஸை பம்ப் உறிஞ்சும் பக்கத்தில் விட்டால் இறக்கை அதைப் பொடியாக அடித்துக் கரைக்கும். இணைப்புகளுக்கு பிவிசி சொல்யூஷன்தான். மீன்தொட்டி சிலிக்கான் பிவிசியில் பிடித்து நிற்காது. ஒட்டிய பின் ஒரு நாள் காயவிட்டு, வெறும் தண்ணீர் நிரப்பி, ஒரு டப்பில் வைத்து இன்னொரு நாள் ஓட்டிப் பார்க்கவும். நீர் படும் இடத்தில் பித்தளை நிப்பிள் ஒன்றுகூட வேண்டாம். அமிலநீர் அதிலிருந்து செம்பைக் கரைக்கும். இறாலும் நத்தையும் பவளமும் செம்பைத் தாங்காது.

உள்ளே போட, பாக்கெட்டில் வரும் அரகோனைட் கல்லை வாங்குங்கள். ராமேஸ்வரம், தூத்துக்குடி கரையில் ஒதுங்கிக் கிடக்கும் பவளத்துண்டைப் பொறுக்கி வந்து நொறுக்குவது குற்றம். கல் பவளங்கள் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. செத்த துண்டுக்கும் விலக்கு இல்லை. வாங்கிய கல்லை ஆர்.ஓ. நீரில் கலங்கல் போகும்வரை அலசவும். முதல் நாள் வெளிவரும் நீரைக் கொட்டிவிட்டால் பாஸ்பேட்டும் தூசும் தொட்டிக்குப் போகாது.

தொட்டி நீர் கொஞ்சம் கொஞ்சமாக ரியாக்டருக்குள் போய், கல் கரைந்த நீராகச் சொட்டுச் சொட்டாகத் தொட்டிக்கே திரும்பும். எவ்வளவு சொட்டவிட வேண்டும் என்பதற்கு ஒரு கணக்கு. 400 லிட்டர் தொட்டியில் தினம் 1 டி.கே.எச். குறைகிறது. ரியாக்டரிலிருந்து வரும் நீரின் காரத்தன்மை 25, தொட்டியில் 8, வித்தியாசம் 17. 400-ஐ 17-ஆல் வகுத்தால் நாளைக்கு இருபத்து மூன்றரை லிட்டர், அதாவது நிமிடத்துக்கு 16 மில்லி. கரையும் கல் நாளைக்கு 7 கிராம்தான். கேஸை நிமிடத்துக்கு 15 குமிழியில் தொடங்கி, 24 மணி நேரம் கழித்து வெளிவரும் நீரின் காரத்தன்மையைச் சோதியுங்கள். ஒரு நாளைக்கு ஒரு மாற்றம் மட்டும்: குமிழியா, சொட்டா, ஏதாவது ஒன்று.

அடிக்கடி தகராறு செய்வது, வெளிவரும் நீரின் அளவைக் கட்டுப்படுத்தும் சொட்டு வால்வுதான். சுண்ணாம்பு படிந்து அது அடைக்கும், சொட்டு நிற்கும், கேஸ் மட்டும் வந்துகொண்டிருக்கும். உள்ளே பி.எச். 6-க்குக் கீழே போனால் கல் சேறாகிக் களிபோல் இறுகும். அப்புறம் நீரே சுற்றாது. வால்வுக்குப் பதில் வெளிவழியில் பெரிஸ்டால்டிக் பம்ப் (மென்குழாயை உருளையால் அழுத்தி நீரைத் தள்ளுவது) வைத்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் தீரும்.

இனி கேஸ். சர்க்கரை ஈஸ்ட் பாட்டிலும், சிட்ரிக் அமிலம் சோடா பாட்டிலும் செடித்தொட்டிக்குச் சரி, ரியாக்டருக்கு ஆகாது. குமிழி ஒரு நாள் மாதிரி மறுநாள் இருக்காது. அடைத்துக்கொண்டால் பாட்டில் வெடிக்கும். பழைய தீயணைப்பு சிலிண்டரை மாட்டுகிறவர்கள் கவனிக்க: அதற்குள் அடிவரை இறங்கும் குழாய் இருக்கும். நிமிர்த்தி வைத்துத் திறந்தால் கேஸ் வராது, திரவமே ரெகுலேட்டருக்குள் (சிலிண்டரின் அழுத்தத்தைக் குறைத்துத் தரும் கருவி) பாயும்.

சிலிண்டரின் அழுத்தமானி மீதி எவ்வளவு என்று காட்டாது. உள்ளே திரவம் இருக்கும்வரை முள் ஏறக்குறைய ஒரே இடத்தில் நிற்கும்; அது இறங்கத் தொடங்கினாலே மிச்சம் கொஞ்சம்தான். அந்தக் கடைசி நேரத்தில்தான் அழுத்தத்தை ஒரே படியில் குறைக்கும் ஒற்றைக்கட்ட ரெகுலேட்டரின் வெளியழுத்தம் தானாக ஏறி, 15 குமிழி ஓடிய இடத்தில் கேஸ் கொட்டும். இரவில் நடந்தால் விடிவதற்குள் தொட்டியின் பி.எச். சரிந்து மீன்கள் மேலே வந்து வாய் திறக்கும். இரட்டைக்கட்ட ரெகுலேட்டர் வாங்குங்கள். முடியாவிட்டால் சிலிண்டரை வாரம் ஒருமுறை எடை போட்டு, தீரும் முன்பே மாற்றுங்கள்.

கேஸை மின்சாரத்தால் திறந்து மூடும் சோலினாய்டு வால்வை, ரியாக்டருக்குள் பி.எச். 6.5-இல் மூடி 6.7-இல் திறக்கும்படி பி.எச். கன்ட்ரோலரில் மாட்டலாம். ஆனால் அதை மட்டும் நம்பக் கூடாது. சோலினாய்டு திறந்தபடியே சிக்கிக்கொண்டாலும் பி.எச். 6.3-க்குக் கீழே போகாத அளவுக்கு குமிழி வேகத்தை நுணுக்கமாகக் கட்டுப்படுத்தும் நீடில் வால்வைக் குறைத்து வையுங்கள். பி.எச். அளக்கும் எலெக்ட்ரோடை மாதம் ஒருமுறை பி.எச். 7, 4 ஆகிய இரண்டு கரைசலிலும் சரிபார்க்கவும். குமிழி எண்ணும் குப்பியில் தண்ணீருக்குப் பதில் கிளிசரின் ஊற்றினால் வற்றாது. குப்பிக்குப் பிறகு, ஒரே திசையில் மட்டும் விடும் செக் வால்வு ஒன்று கட்டாயம். இல்லையென்றால் கேஸ் தீர்ந்த அன்று உப்புநீர் பின்னோக்கி ஏறி ரெகுலேட்டரை அரித்துவிடும்.

2 கிலோ சிலிண்டரில் இருப்பது அறை வெப்பத்தில் சுமார் 1100 லிட்டர் கேஸ். பத்துக்குப் பத்து அடி ஏசி படுக்கையறையில் முழுதும் கசிந்தால் காற்றில் 4 சதவீதம் ஆகிவிடும். உயிருக்கு உடனடி ஆபத்து என்று தொழிற்சாலைப் பாதுகாப்பில் குறிக்கும் அளவே அதுதான். மணமும் இல்லை. ஒவ்வொரு முறை சிலிண்டர் மாற்றும்போதும் வாஷரைப் புதிதாகப் போட்டு, எல்லா இணைப்பிலும் சோப்பு நுரை தடவிப் பாருங்கள். சங்கிலி போட்டு நிமிர்த்தி, வெயில் படாத, ஜன்னல் திறந்திருக்கும் கூடத்தில் வையுங்கள். ஆள் தூங்கும் அறையில் வேண்டாம்.