ஒற்றைக்காலில் நின்றால் கையெழுத்து திருந்துமா?

"மகள் பென்சில் பிடிக்கவே தடுமாறுகிறாள். பயிற்சியாளரோ ஒற்றைக்காலில் நிற்கச் சொல்கிறார், மெதுவாக ஊதிப் பழகச் சொல்கிறார். காலுக்கும் மூச்சுக்கும் விரலுக்கும் என்ன சம்பந்தம்?" என்று ஒரு தாய் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி.

பதிலுக்கு முன் ஒன்று செய்து பாருங்கள். இடது தோளும் இடது பாதத்தின் ஓரமும் சுவரை ஒட்டியிருக்கும்படி நின்று, வலது காலைப் பக்கவாட்டில் தூக்குங்கள். தூக்கி நிறுத்த முடியாது. காலில் பலம் இல்லாததால் அல்ல. கால் எழும் முன்பே உடம்பு தன் எடையை இடப்பக்கம் நகர்த்தியாக வேண்டும். சுவர் அதற்கு இடம் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

கைக்கும் இதே கதைதான். நிற்பவர் ஒருவர் சட்டென்று கையை உயர்த்தும்போது தசைகளில் எழும் மின்குறிப்புகளை 1967-இல் சோவியத் ஆய்வாளர் குர்ஃபிங்கலும் அவருடைய சகாக்களும் பதிவு செய்தார்கள். தோள் தசைக்கு முன்பே கால் தசை வேலையைத் தொடங்கியிருந்தது! கை அசைந்தால் உடம்பு எந்தப் பக்கம் ஆடும் என்று மூளை முன்கூட்டியே கணித்து, முட்டுக் கொடுத்துவிடுகிறது.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இனிமேல்தான். 1997-இல் ஆஸ்திரேலியாவில் ஹாட்ஜஸ் குழுவினர் உதரவிதானத்தையும் இப்படி அளந்தார்கள். மூச்சுத் தசை என்று பள்ளியில் படித்தோமே, அதேதான். கையைத் தூக்கும் தோள் தசைக்குச் சுமார் 20 மில்லிநொடி முன்பே அது சுருங்கியது. மூச்சை இழுத்தாலும் விட்டாலும் அப்படியே. உதரவிதானம் மேலிருந்து அழுத்த, வயிற்றுத் தசைகள் சுற்றிலும் இறுக, நடுவில் அழுத்தம் கூடுகிறது. காற்றடித்த டயர் விறைப்பது போல நடு உடம்பு விறைத்து, முதுகெலும்பு ஆடாமல் நிற்கிறது. ஒரே தசை, மூச்சு வேலையையும் பார்த்துக்கொண்டு, கைக்கு அடித்தளமும் போடுகிறது.

குழந்தைக்கு இந்தக் கணிப்பு பிறவியிலேயே முழுதாக வருவதில்லை. ஆடி, விழுந்து, எழுந்துதான் கூர்மையாகிறது. அது வரும்வரை சில குழந்தைகள் எழுதும்போது மார்பை மேசையில் சாய்க்கும், மூச்சைப் பிடித்துக்கொள்ளும், இடது முழங்கையை ஊன்றிக்கொள்ளும். தாளைப் பிடிக்க வேண்டிய கை முட்டுக் கொடுக்கப் போய்விட்டதால், தாள் நகரும், எழுத்து கோணும். ஒற்றைக்கால் நிலையும் கோட்டின் மேல் நடப்பதும் உடம்பு முன்கூட்டியே இப்படி முட்டுக் கொடுப்பதைத்தான் பழக்குகின்றன. நிதானமாக மூச்சை விடும்போது இதயத் துடிப்பும் சற்றுத் தணியும். பதற்றத்தில் பென்சிலை நெரிக்கும் குழந்தைக்கு அது உதவலாம்.

ஆனால் இது மட்டும் போதாது. எழுத்து திருந்த எழுதத்தான் வேண்டும். மணி கோர்ப்பது, கத்தரிப்பது, களிமண் பிசைவது எல்லாம் விரலுக்கு அவசியம். கையைக் குறுக்கே ஆட்டினால் மூளையின் இடது வலது பாதிகள் இணையும் என்று சொல்லிப் பணம் வாங்குகிறவர்களை நம்பாதீர்கள். அவை பிறக்கும்போதே நரம்பு இழைகளால் இணைந்துதான் இருக்கின்றன. அந்தப் பணத்தில் ஒரு பங்காவது குழந்தைகளைப் பல ஆண்டுகள் பின்தொடரும் ஆய்வுகளுக்குப் போக வேண்டும் என்பது என் ஆசை.

சரி, அடுத்த முறை மகள் எழுத உட்காரும்போது பென்சில் இல்லாத கையைக் கவனியுங்கள். அது தாளைப் பிடித்திருக்கிறதா, உடம்பைத் தாங்குகிறதா?