கன்னியா வெந்நீர் கணினியில் உறையும்போது

எண்முறை ஆய்வுகூடத்தில் மாணவர் செய்நிரலை ஓட்டிப் பத்துத் தசமதானங்களோடு ஒரு விடையைக் காட்டுவார். அதில் எத்தனை இலக்கத்தை நம்பலாம் என்று கேட்டால் மௌனம். உயர்தரத்தில் இணைந்த கணிதம் படித்து வரும் பிள்ளைகளுக்கு விடை என்றால் ஒன்றில் சரி, இல்லாவிட்டால் பிழை. 'இவ்வளவு வழுவுக்குள் சரி' என்ற பேச்சு அவர்களுக்குப் புதிது. அதைப் பழக்காமல், வகையீட்டுச் சமன்பாட்டின் விடையைச் சிறு சிறு நேரப் படிகளாக எண்களால் அண்ணளவாகக் காணும் ஒயிலர் முறையையும் ருங்கே–குட்டா முறையையும் வெறும் சூத்திரங்களாக எழுதிப்போட்டு நகர்வது, வகையீட்டுச் சமன்பாட்டுப் பாடத்துக்கு நாம் செய்யும் பெரிய கேடு.

திருகோணமலையில் கற்பிப்பவர் உதாரணத்துக்கு அலைய வேண்டியதில்லை. கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளில் ஒன்றிலிருந்து எடுத்த நீர் 41 பாகை செல்சியஸ், காற்று 29 பாகை என்று கணக்குக்காகக் கொள்வோம். நியூற்றனின் குளிரல் விதிப்படி, நிமிடமொன்றுக்கு நீரின் வெப்பநிலை குறையும் வீதம், நீருக்கும் காற்றுக்கும் அந்தக் கணத்திலுள்ள வித்தியாசத்தின் 0.1 மடங்கு. (உண்மையான வாளி நீர் இதைவிட மெதுவாக ஆறும். கைக்கணக்குக்கு 0.1 வசதி.) பத்து நிமிடம் கழித்துச் சரியான விடை 33.41 பாகை.

முதலில் கணினி வேண்டாம். கணிப்பானும் தாளும் போதும். நேரம், வெப்பநிலை, படித்திறன் (அக்கணத்தில் வெப்பநிலை மாறும் வீதம்) என மூன்று நிரல்கள் கீறி, படிநீளம் 5 நிமிடமாக ஒயிலர் முறையைச் செய்யச் சொல்லுங்கள்: படியின் தொடக்கத்திலுள்ள படித்திறனைப் படிநீளத்தால் பெருக்கி வெப்பநிலையோடு கூட்டினால் அடுத்த வெப்பநிலை. இரண்டே படியில் 32.00 வரும். வழு 1.41. படிநீளம் 1 நிமிடமானால் 33.18, வழு 0.230. அரை நிமிடமானால் வழு 0.113. கால் நிமிடமானால் 0.056. படியைப் பாதியாக்க வழுவும் ஏறத்தாழப் பாதியாகிறது. ஒயிலர் 'முதலாம் வரிசை' முறை என்பதன் பொருள் இதுதான். நிறுவலைப் பிறகு எழுதினாலும் பாதகமில்லை, இந்த அட்டவணை மாணவரின் கையால் பிறக்க வேண்டும். அதே 5 நிமிடப் படியில், படி ஒவ்வொன்றிலும் நான்கு படித்திறன்களைக் கணித்து அவற்றின் நிறையிட்ட சராசரியை எடுக்கும் நாலாம் வரிசை ருங்கே–குட்டா 33.418 தரும். வழு வெறும் 0.0035. படித்திறனை எட்டே தடவை கணித்து, நாற்பது தடவை கணித்த ஒயிலரை இது வெல்கிறது.

இனிப் படியை வேண்டுமென்றே பெரிதாக்குங்கள். 15 நிமிடப் படியில் ஒயிலர் முதற்படியிலேயே நீரை 23 பாகைக்கு இறக்கிவிடும். சூழவுள்ள காற்றைவிடக் குளிர்ந்த நீர்! 25 நிமிடப் படியில் வெப்பநிலை 41, 11, 56, -11.5 என்று தாவும். வெந்நீரூற்று உறைகிறது, அடுத்த படியில் 89.75 பாகைக்குக் கொதிக்கப் போகிறது. படி ஒவ்வொன்றிலும் வித்தியாசம் 1 கழித்தல் 0.1 பெருக்கல் படிநீளம் என்ற காரணியால் பெருக்கப்படுகிறது. படிநீளம் 20ஐத் தாண்டியதும் அக்காரணியின் பருமன் 1ஐ மீறுகிறது. சமன்பாடு பிழையில்லை, செய்நிரலும் பிழையில்லை, முறை நிலைப்பை இழந்துவிட்டது. படியின் தொடக்கத்துக்குப் பதிலாக இறுதியிலுள்ள படித்திறனைக் கொள்ளும் பின்முக ஒயிலர், இதே 25 நிமிடப் படியில் ஒரு படி கழித்து 32.43 என்று அடக்கமாக நிற்கும். ஆனால் சரியான விடை 29.99. நிலைப்பு வேறு, துல்லியம் வேறு என்று சொல்ல இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

ருங்கே–குட்டா செய்நிரலில் அடிக்கடி நேர்வது, இடைப்படித்திறன்களைக் காணும்போது நேரத்தை அரைப்படி நகர்த்த மறப்பது. குளிரல் உதாரணத்தில் இந்தப் பிழை வெளியே தெரியவே தெரியாது, ஏனென்றால் அந்தச் சமன்பாட்டின் வலப்பக்கத்தில் நேரம் இல்லை. ஆகவே காற்றின் வெப்பநிலை பகல் முழுக்க மாறுவதாக வைத்து இரண்டாவது சோதனையும் கொடுங்கள். நாலாம் வரிசை முறையாதலால், படியைப் பாதியாக்கினால் வழு ஏறத்தாழ 16 மடங்கு (2இன் நாலாம் அடுக்கு) குறைய வேண்டும். 2 மடங்கு மட்டுமே குறைந்தால் செய்நிரலில் எங்கோ பிழை. அந்த மாறும் வெப்பநிலைக்கு சைன் சார்பைப் போட்டுக் கையால் செய்பவரின் கணிப்பான் ஆரையனில் இருக்கிறதா என்றும் பாருங்கள். பாகையில் கிடந்தால் மேசை முழுக்க ஒரே மாதிரிப் பிழையான விடை வரும், ஒருவர் தாளை மற்றவர் பார்த்து எல்லோரும் திருப்தியாகிவிடுவர்.

தண்ணீர்த் தாங்கி வடியும் கணக்கு வேறு விதமாகக் காலை வாரும். வடியும் வீதம் நீர்மட்டத்தின் வர்க்கமூலத்துக்கு விகிதசமம். மட்டம் 1 மீற்றர், மாறிலி 0.1, படி 4 நிமிடம் என்று ஒயிலரைச் செய்தால் 0.6, 0.290, 0.075, பிறகு -0.035. அடுத்த படியில் மறை எண்ணுக்கு வர்க்கமூலம் கேட்டுச் செய்நிரல் 'எண் அல்ல' என்கிறது. மாணவர் கணினியைக் குறைகூறுவார். உண்மையில் தாங்கி வெறுமையாகும் கணத்தைத் தேடி நிறுத்தும் நிபந்தனையை அவர் எழுதவில்லை.

கணினி எண்களைக் குறித்த இலக்கங்களோடு வெட்டி வைப்பதால் வரும் மட்டந்தட்டல் வழுவுக்குச் சின்னச் சோதனை ஒன்று போதும். 0.1ஐப் பத்துத் தடவை கூட்டி, அது 1க்குச் சமமா என்று கணினியிடம் கேளுங்கள். சமமில்லை என்று சொல்லும், கணினி பயன்படுத்தும் துவித (0, 1 மட்டும் கொண்ட) எண்முறையில் 0.1 முடிவில்லாத விரிவு. நேரம் 1க்குச் சமமாகும்வரை சுற்று என்று எழுதிய செய்நிரல் நிற்காமல் ஓடுவது இதனால்தான். படிகளை முழுவெண்ணால் எண்ணி, படிநீளத்தால் பெருக்கி நேரத்தைப் பெறச் சொல்லுங்கள்.

பரீட்சை வினாவையும் மாற்ற வேண்டும். ஒரே படிநீளத்தில் இறுதி விடையைக் கேட்டுப் புள்ளி வழங்குவதில் பயனில்லை. இரண்டு படிநீளங்களில் செய்வித்து, இரு விடைகளின் வித்தியாசத்திலிருந்து வழுவை மதிப்பிடச் சொல்லி, எத்தனை தசமதானத்தை எழுதலாம் என்று கேளுங்கள். கூட்டலில் சறுக்கியிருந்தாலும் அந்தக் கடைசிப் பகுதியை நியாயமாக எழுதியவருக்குப் புள்ளியைத் தாராளமாகக் கொடுங்கள்.