படகடியில் கொட்டலசு வந்து ஒட்டும் விதம்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில் பாம்பன், மண்டபம் கரைகளில் ஏற்றி நிறுத்தப்படும் படகுகளின் அடியில் கொட்டலசு (பார்னக்கிள்) என்னும் ஓடுள்ள சிற்றுயிரும் சிப்பியும் அடையடையாய் ஒட்டியிருக்கின்றன. இவை எப்போது வந்தன என்று கேட்டால் யாராலும் சொல்ல முடிவதில்லை, ஏனெனில் ஒட்டும் நாளில் அவை கண்ணுக்குத் தெரிவதில்லை.

கடலில் இறக்கிய எந்தப் பொருளின் மீதும், நீரில் கரைந்திருக்கும் புரதம் முதலியவை சில நிமிடங்களிலேயே மெல்லிய படலமாகப் படிகின்றன. சில மணி நேரத்தில் பாக்டீரியாக்களும் அடுத்து டயாட்டம் என்னும் நுண்பாசிகளும் அதில் குடியேறுவதால், ஓரிரு நாளில் விரல் வைத்தால் வழுக்குகிறது. கொட்டலசின் குஞ்சு, சைப்ரிட் என்னும் கடைசி நிலையில் இரை எடுப்பதே இல்லை. சேமித்த கொழுப்பு தீருவதற்குள் இடம் பிடித்தாக வேண்டிய அந்தச் சிற்றுயிர், உணர்கொம்புகளால் பரப்பைத் தொட்டுத் தொட்டு நடந்து, தன் இனம் இருந்த தடயத்தை அறிந்து, அங்கேயே தலைகீழாகப் பசையிட்டு ஒட்டிக்கொள்கிறது. அரைகுறையாகச் சுரண்டிய படகில், வெள்ளை வளையங்கள் மிஞ்சிய இடத்தைச் சுற்றியே புதுக் கொட்டலசு கூட்டமாக வருவது இதனால்தான்.

குளிர்நாட்டுக் கடலில் பனிக்காலம் இந்த வரவைத் தடுத்து நிறுத்தும். நம் கடலில் அந்த ஓய்வு இல்லை, வரவு கூடலாம், குறையலாம், முற்றாக நிற்பதில்லை. படகுத்துறையில் நான் கட்டித் தொங்கவிட்ட பலகைகளில், வெயில் பட்ட மேற்பக்கம் பாசி பச்சையாய்ப் படர, நிழலான அடிப்பக்கத்தில் கொட்டலசும், தொட்டால் நீரைப் பீச்சும் கடற்பீச்சிகளும், அவற்றின் மேல் ஆளி என்னும் சிப்பிகளும் ஏறின. பாரம் தாங்காமல் ஒரு துண்டு உரிந்து விழுந்தால், அந்த வெற்றிடத்தில் வழுவழுப்பிலிருந்து எல்லாம் மறுபடி தொடங்கும்.

கடல்விரால் (கோபியா) மீன் வளர்க்கும் கூண்டுகளில் இதனால் வரும் கேடு உடனே தெரிந்துவிடும். வலைக்கண் அடைபட்டால் நீரோட்டம் குறைந்து, மீனுக்கு மூச்சுமுட்டுகிறது; கனத்த வலை கூண்டின் சட்டத்தையே இழுக்கிறது. ஆகவே ஓடு கட்டியபின் அடித்து உடைப்பதை விட, வழுவழுப்பு நிலையிலேயே வலையை மாற்றி, கழுவி, வெயிலில் நன்றாகக் காயவைப்பதே சரி என்பது என் உறுதியான கருத்து.

இவை ஒட்டாமல் தடுக்கும் நஞ்சுப் பூச்சுக்கு எளிதில் கைநீட்டவும் கூடாது. நத்தைகளின் இனப்பெருக்கத்தையே கெடுத்த டிரைபியூட்டைல் டின் என்னும் வெள்ளீயச் சேர்மம் கலந்த பூச்சுகளுக்கு எதிரான பன்னாட்டு உடன்படிக்கை 2001இல் உருவாகி 2008இல் நடைமுறைக்கு வந்தது. சங்கும் நத்தை இனம்தான், ஆகவே சங்கு குளிக்கும் நம் கரைக்கு அது அந்நியமான செய்தியன்று.

சுரண்டியதை அலைவாயிலேயே விட்டுவிடும் பழக்கம்தான் என்னை மிகவும் வருத்துகிறது. கொட்டலசு தன் முட்டைகளை ஓட்டுக்குள்ளேயே அடைகாக்கிறது, ஆகவே உடைத்து நீரில் தள்ளினால் அந்தக் குஞ்சுகளில் பல உயிரோடு கடலில் கலந்துவிடலாம். மன்னார் வளைகுடாவின் தீவுகளும் அருகிலேயே இருக்கின்றன. வேறு கடலில் நின்று வந்த படகின் அடியில் வேற்றிடத்து உயிர்களும் ஒட்டியிருக்கக்கூடும். எனவே படகடியில் தார்ப்பாய் விரித்துச் சுரண்டி, எல்லாவற்றையும் அள்ளி, ஓதம் எட்டாத மேட்டில் குழிவெட்டிப் புதைத்துவிடுங்கள்.