டாக்சிசைக்ளினின் இடுக்கிப்பிடி

ஒரு வாசகி எழுதியிருந்தார். வயல் வேலைக்குப் போகும் அவருடைய அம்மாவுக்கு ஐந்து நாளாகக் காய்ச்சல். அக்குளில் சிகரெட்டால் சுட்டது போல ஒரு கறுப்புப் பொருக்கு. அதைப் பார்த்த மருத்துவர் உண்ணிக் காய்ச்சல் என்று சொல்லி, டாக்சிசைக்ளின் 100 மி.கி. மாத்திரையைக் காலையும் இரவும் ஏழு நாள் போடச் சொல்லியிருக்கிறார். மருந்துக்கடையில், "பால், டீயோட போடாதீங்க. நிறைய தண்ணி குடிங்க. போட்ட உடனே படுக்காதீங்க" என்றார்களாம். வயிற்றைப் புண்ணாக்கும் மாத்திரைக்குப் பால் நல்லது என்றுதானே சொல்வார்கள், இதற்கு மட்டும் ஏன் ஆகாது என்று கேட்கிறார்.

உண்ணிக் காய்ச்சலுக்குக் காரணம் ஓரியன்ஷியா சுட்சுகாமுஷி என்ற பாக்டீரியா. புதர்களில் இருக்கும் மிகச் சிறிய உண்ணியின் இளம்பருவம் கடிக்கும்போது உடம்புக்குள் வந்து, நம் செல்களுக்கு உள்ளேயே குடியேறிவிடும். பென்சிலின் இதனிடம் பலிக்காது. டாக்சிசைக்ளின் செல்லுக்குள்ளும் நுழையும். பாக்டீரியாவின் புரதத் தொழிற்சாலையான ரைபோசோமில் போய் உட்கார்ந்து, புரதத்துக்கு வேண்டிய அமினோ அமிலத்தைச் சுமந்துவரும் டி.ஆர்.என்.ஏ.வுக்கு இடமில்லாமல் செய்துவிடும். புரதம் நின்றால் பெருக்கமும் நிற்கும். மிச்சத்தை நம் நோயெதிர்ப்புச் செல்கள் பார்த்துக்கொள்ளும்.

சரி, அங்கே போய் எப்படி உட்காருகிறது? இந்த மருந்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். டாக்சிசைக்ளின் சேர்ந்த டெட்ராசைக்ளின் குடும்பத்து மூலக்கூறு என்பது வரிசையாக ஒட்டிய நான்கு வளையங்கள். அதன் ஒரு விளிம்பில் ஆக்ஸிஜன் அணுக்கள் நெருக்கமாக நிற்கின்றன. அடுப்பிலிருந்து பாத்திரத்தை இறக்கும் இடுக்கியை நினைத்துக்கொள்ளுங்கள். பக்கத்துப் பக்கத்து ஆக்ஸிஜன் இரண்டும் அந்த இடுக்கியின் இரு கைகள் போல, நேர்மின் சுமை கொண்ட உலோக அயனி ஒன்றைக் கவ்விக்கொள்ளும். ரைபோசோம் முழுக்க மக்னீசியம் அயனிகள் உண்டு. மருந்து மக்னீசியத்தைக் கவ்வுகிறது, அந்த மக்னீசியம் ரைபோசோமின் ஆர்.என்.ஏ.வைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. இந்த உலோகப் பாலம்தான் மருந்தை அதன் இடத்தில் நிறுத்துகிறது.

ஆனால் இடுக்கிக்குப் பாக்டீரியா எது, பால் எது என்று தெரியாதே! பாலில் கால்சியம் நிறைய. குடலிலேயே மருந்து அதைக் கவ்வி, உறிஞ்ச முடியாத கூட்டாகி, மலத்தோடு போய்விடும். பழைய டெட்ராசைக்ளினைப் பாலோடு விழுங்கினால் பாதிக்கு மேல்கூட வீணாகும். டாக்சிசைக்ளினில் இழப்பு ஐந்தில் ஒரு பங்கு அளவுதான் என்றாலும், கடுமையான காய்ச்சலில் அதை ஏன் இழக்கவேண்டும்? நெஞ்சு கரிப்புக்குக் குடிக்கும் ஜெல் மருந்தில் அலுமினியமும் மக்னீசியமும் இருப்பதால் அதனாலும் இதே வினைதான்.

எலும்பும் கால்சியம்தான். புதிதாக எலும்பு படியும் இடத்தில் இந்த மருந்தும் சேர்ந்து படிந்துவிடும். அதன்மேல் புற ஊதா ஒளி பட்டால் மஞ்சளாக ஒளிரும். எலும்பு நோய் மருத்துவர்கள் இதையே அளவுகோலாக்கிக்கொண்டார்கள். சில நாள் இடைவெளி விட்டு இரண்டு தடவை மருந்து கொடுத்து, பிறகு எலும்பில் சிறு துண்டை எடுத்துப் பார்த்தால் இரண்டு ஒளிக்கோடுகள் தெரியும். கோடுகளுக்கு நடுவே உள்ள தூரம்தான் அத்தனை நாளில் வளர்ந்த எலும்பு. 1980இல் இன்னொரு வியப்பு. சூடானின் நூபியாவில், கி.பி. 350 அளவில் வாழ்ந்தவர்களின் எலும்புகள் அதே போல ஒளிர்ந்தன! தானியத்தில் வளர்ந்த ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்ற மண் பாக்டீரியா சுரந்த டெட்ராசைக்ளின், அவர்கள் காய்ச்சிய பீர் வழியாக உடம்புக்குள் போயிருக்கவேண்டும் என்கிறார்கள் ஆய்வாளர்கள். இந்தக் குடும்பத்தின் முதல் மருந்தான ஆரியோமைசினை 1940களில் பெஞ்சமின் டக்கர் கண்டெடுத்ததும் மண்ணில் வாழும் ஸ்ட்ரெப்டோமைசிஸிலிருந்துதான். அவர் வேலை பார்த்த லெடர்லி ஆய்வகத்தில் ஆராய்ச்சிக்குத் தலைமை வகித்தவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ்.

எலும்பில் அழகாக இருப்பது பல்லில் கறை. பல் உருவாகும் வயதில் பழைய டெட்ராசைக்ளின் கொடுக்கப்பட்ட குழந்தைகளுக்குப் பல் பழுப்பேறியது. டாக்சிசைக்ளின் கால்சியத்தை அவ்வளவு இறுகப் பிடிப்பதில்லை. அதனால் உண்ணிக் காய்ச்சல் போன்ற ஆபத்தில் சிறு குழந்தைகளுக்கும் குறைந்த நாள் கொடுக்கிறார்கள். கர்ப்பிணிகளுக்கு மருத்துவர்கள் பெரும்பாலும் அசித்ரோமைசின் என்ற வேறு மருந்தைத்தான் எழுதுவார்கள்.

மீதி இரண்டு எச்சரிக்கைகள் வேறு ரகம். இந்த மருந்து கரையும்போது அமிலத்தன்மை கொண்டது. ஒரு வாய்த் தண்ணீரில் விழுங்கிவிட்டுப் படுத்தால் உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டு அங்கேயே புண்ணாக்கும். எச்சில் விழுங்கினால்கூட வலிக்கும். அப்புறம் வெயில்: மருந்து தோலில் இருக்கும்போது புற ஊதாக் கதிர் பட்டால் தோல் தீய்ந்தது போலச் சிவந்து எரியும். வயலுக்குப் போகிறவருக்கு இதை யாராவது அவசியம் சொல்லவேண்டும்.

எனக்கு ஓர் ஆதங்கம் உண்டு. டாக்சிசைக்ளின் காப்புரிமை எப்போதோ முடிந்துபோன மலிவு மருந்து. அதைச் சோதித்துப் பார்ப்பதில் எந்தக் கம்பெனிக்கும் லாபமில்லை. வேலூர் சி.எம்.சி. தலைமையில் ஏழு இந்திய மருத்துவமனைகள், கடுமையான உண்ணிக் காய்ச்சல் கண்ட சுமார் 800 பேரிடம் நடத்திய ஆய்வு 2023இல் வெளியானது. மரணம், தீராத காய்ச்சல், தொடரும் உறுப்புச் சிக்கல் ஆகியவற்றில் ஏதாவது ஒன்றுக்கு ஆளானவர்களைக் கணக்கிட்டபோது, டாக்சிசைக்ளின் மட்டும் ஏற்றப்பட்டவர்களில் 47 சதவீதம், அசித்ரோமைசின் மட்டும் ஏற்றப்பட்டவர்களில் 48 சதவீதம், இரண்டும் சேர்த்து ஏற்றப்பட்டவர்களில் 33 சதவீதம். பொது நிதியும் அறக்கட்டளைப் பணமும் இல்லாமல் இந்தக் கேள்வியை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். கிராமத்துக் காய்ச்சல்களுக்கு இது போல இன்னும் பல மடங்கு பணம் ஒதுக்கவேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

வாசகியின் அம்மாவுக்கு: காலையில் இட்லி சாப்பிட்டுவிட்டு, உட்கார்ந்தபடி ஒரு டம்ளர் நிறையத் தண்ணீரோடு மாத்திரை. டீ இரண்டு மணி நேரம் கழித்து. இரவு மாத்திரையைப் படுக்கும் நேரத்துக்குத் தள்ளாமல் சாப்பாட்டோடு முடித்துக்கொள்ளலாம். காய்ச்சல் இரண்டு நாளில் இறங்கினாலும் ஏழு நாளும் போடவேண்டும். இறங்கவே இல்லை, மூச்சு வாங்குகிறது என்றால் உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். அவர் ரத்தசோகைக்கு இரும்பு மாத்திரை சாப்பிடுகிறாரா? அப்படியானால் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். ரத்தத்தில் கலந்த டாக்சிசைக்ளினில் ஒரு பகுதி பித்தநீரோடு மறுபடி குடலுக்கு வந்துதான் போகும். அங்கே இரும்பு இருந்தால் இடுக்கி அதைப் பிடித்துக்கொள்ளும். இந்த ஏழு நாளுக்கு இரும்பை நிறுத்திவைக்கலாமா என்று மருத்துவரையே கேட்டுவிடுங்கள்.