மதியம் ஆனால் படுத்துவிடும் கம்ப்யூட்டர்

குளச்சலில் போட்டோ ஸ்டுடியோ நடத்தும் ஓர் அக்கா போன மாசம் தன் டெஸ்க்டாப்பை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு நாகர்கோவிலில் இருக்கும் என் கடைக்கு வந்தார். காலையில் நன்றாக ஓடுகிறதாம். மதியம் கல்யாண ஆல்பம் வேலை ஏற ஏற இழுக்கத் தொடங்கி, கடைசியில் தானே அணைந்துவிடுகிறதாம். முன்பு பார்த்த இடத்தில் மதர்போர்டு போச்சு, புதுசு வாங்குங்க என்று சொல்லியிருக்கிறார்கள். "இப்பதான் தம்பி பழைய லோனையே அடைச்சு முடிச்சேன்" என்றார்.

சூடு காட்டும் இலவச மென்பொருள் ஒன்றைப் போட்டுப் பார்த்தேன். சும்மா இருக்கும்போதே 70 டிகிரி. ஆல்பத்தைத் திறந்ததும் 100. கம்ப்யூட்டரின் மூளையான சிப்தான் பிராசஸர். இன்டெல் பிராசஸர்கள் பலவற்றுக்கும் 100 டிகிரி செல்சியஸ்தான் எல்லை. அதைத் தொட்டால் சிப் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அப்படியும் சூடு அடங்காவிட்டால் மெஷினை அணைத்துவிடும். அக்காவின் கம்ப்யூட்டர் கெட்டுப்போகவில்லை, இத்தனை நாளும் தன்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது.

ஃபேனையும், பிராசஸரின் சூட்டை உறிஞ்சும் உலோகத் தகட்டு அடுக்கான ஹீட் சிங்க்கையும் கழற்றினேன். அலுமினியத் தகடுகளுக்கு நடுவே தூசி கம்பளி மாதிரி படிந்திருந்தது. கடலோர வீடுகளில் இது வெறும் தூசியாக இருப்பதில்லை. உப்புக்காற்றில் ஈரம் கோத்துப் பிசுபிசுப்பாக ஒட்டிக்கொள்ளும், அலுமினியத்தில் வெள்ளையாகப் பூக்கும். அடியில் இருந்த தெர்மல் பேஸ்ட், வெற்றிலைச் செல்லத்தில் மறந்துபோன சுண்ணாம்பு மாதிரி காய்ந்து, நகம் பட்டதும் உதிர்ந்தது.

இந்தப் பேஸ்டின் வேலை என்ன? பிராசஸரின் மேல்தகடும் ஹீட் சிங்கின் அடியும் பார்க்கத்தான் வழவழப்பு. உண்மையில் இரண்டிலும் கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளங்கள் உண்டு. அந்தப் பள்ளங்களில் காற்று நின்றால் வெப்பம் ஹீட் சிங்க்குக்குச் சரியாகப் போகாது. வெப்பம் கடத்துவதில் செம்பு சுமார் 400 என்றால், நல்ல பேஸ்ட் 5 முதல் 10 வரைதான், காற்றோ 0.026. காற்றைவிடப் பேஸ்ட் நூறு மடங்குக்கும் மேல் சிறந்தது, ஆனால் உலோகத்துக்கு முன்னால் அது ஒன்றுமே இல்லை. பள்ளத்தை நிரப்பினால் போதும். கனமாகப் பூசினால் அதுவே தடை.

நிறையப் பேர் தப்புச் செய்வது பூசுவதில் அல்ல, கழற்றுவதில். மார்த்தாண்டத்துப் பக்கம் ஒரு கல்லூரித் தம்பி, இன்டெல்லுக்குப் போட்டியான ஏஎம்டி நிறுவனத்தின் பிராசஸர் போட்ட மெஷினின் ஹீட் சிங்க்கை நேரே மேலே இழுத்திருக்கிறான். காய்ந்த பேஸ்ட் பசையாகப் பிடித்திருந்ததால் பிராசஸரும் சாக்கெட்டை விட்டுப் பிய்ந்து வந்துவிட்டது. ஏஎம்டியின் ஏஎம்4 வகைச் சிப்பின் அடியில் 1331 பின்கள், அதாவது மெல்லிய உலோகக் கால்கள். ஒரு வரிசையே சாய்ந்துபோய் இருந்தது. லெட் இல்லாத மெக்கானிக்கல் பென்சிலின் முனையில் ஒவ்வொரு பின்னாக நுழைத்து நிமிர்த்த எனக்கு ஒரு மாலைப்பொழுது முழுதும் ஆனது. அவன் பக்கத்திலேயே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான். மக்களே, கழற்றும் முன் பத்து நிமிஷம் மெஷினை ஓடவிடுங்கள், பேஸ்ட் இளகட்டும். பிறகு அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, ஹீட் சிங்க்கை இடமும் வலமுமாக மெல்லத் திருகி, பிடி விட்டதும் தூக்குங்கள்.

பழைய பேஸ்டைத் துளி மிச்சமில்லாமல் எடுக்க வேண்டும். 90 சதவீதத்துக்கு மேலான ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலை நூல் பிரியாத துணியில் தொட்டுத் துடைத்தால் வந்துவிடும். உப்புத்தாள், கத்தி முனை எதுவும் கிட்டேயே வரக்கூடாது. புதுப் பேஸ்ட், சாதாரண டெஸ்க்டாப் பிராசஸருக்கு நடுவில் ஒரு பட்டாணி அளவு. ஹீட் சிங்க்கை வைத்து அழுத்தும்போது அதுவே பரவிக்கொள்ளும். ஸ்க்ரூவைக் குறுக்கும் மறுக்குமாக, கொஞ்சம் கொஞ்சமாக முடுக்குங்கள். இன்டெல்லோடு வரும் ஃபேனில் நான்கு கால்களும் 'டிக்' என்று உட்கார வேண்டும். ஒரு கால் தூக்கி நின்றாலும் செய்த வேலை வீண்.

லேப்டாப் வேறு சங்கதி. முதலில் பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள். பக்கத்துச் சிப்களின் மேல் இருக்கும் மெத்தென்ற பேடுகளைப் பிய்க்காதீர்கள், அவற்றின் கனம் மாறினால் ஹீட் சிங்க் சரியாக உட்காராது. சில கேமிங் லேப்டாப்களில் பேஸ்டுக்குப் பதில் பாதரசம் மாதிரி பளபளக்கும் திரவ உலோகம் இருக்கும். அது மின்சாரம் கடத்தும், அதிலிருக்கும் காலியம் என்ற உலோகம் அலுமினியத்தை அரித்துவிடும். அதைக் கண்டால் கையை எடுத்துவிடுங்கள்.

ஆறு மாசத்துக்கு ஒருமுறை பேஸ்ட் மாற்ற வேண்டும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். சூடு ஏறாதவரை அதைத் தொடத் தேவையில்லை. ஆனால் கடற்கரை ஊர்களில் தூசியை மட்டும் அடிக்கடி ஊதிவிடுங்கள். அப்போது ஃபேன் இறக்கையை ஒரு விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், வேகமாகச் சுழன்றால் பேரிங் போய்விடும்.

அக்காவின் மெஷின் அன்று சாயங்காலம் அதே ஆல்பத்தை 68 டிகிரியில் ஓட்டியது. திரையை அவர் பக்கம் திருப்பிக் காட்டினேன். நீங்களும் எந்தக் கடையில் கொடுத்தாலும், திறப்பதற்கு முன் எவ்வளவு, மூடிய பின் எவ்வளவு என்று காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டே காசு கொடுங்கள்.