கம்பியின் நுனியை எப்படிப் பிடிப்பது?

லேப்ராஸ்கோபி அறுவைச் சிகிச்சையில் பயன்படும் சாதாரணக் கருவி நீளமான ஒரு குழாய்தான். ஒரு முனையில் கைப்பிடி, மறுமுனையில் கத்தரியோ கவ்வியோ இருக்கும். வயிற்றில் போட்ட சிறு துளை வழியாக உள்ளே போன பிறகு அதைச் சாய்க்கலாம், சுழற்றலாம், முன்னும் பின்னும் நகர்த்தலாம். நுனியை மட்டும் மடக்கித் திருப்ப முடியாது. உள்ளே தையல் போட வேண்டிய மருத்துவருக்கு இது பெரிய இடைஞ்சல். அதைத் தீர்க்கத்தான் நுனியில் மணிக்கட்டுபோல மடங்கும் மூட்டு உள்ள கருவிகள் வந்தன. 2000-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகம் அனுமதி தந்த டா வின்சி ரோபோவின் கருவிகளை இதற்கு உதாரணமாகச் சொல்லலாம். அவற்றில் பெரும்பாலானவற்றின் விட்டம் 8 மில்லிமீட்டர்.

அந்த 8 மில்லிமீட்டருக்குள், அதுவும் கிருமி நீக்க மறுபடி மறுபடி நீராவியில் வேகவைக்கப்படும் ஒரு நுனியில், மோட்டார் வைப்பது நடைமுறைக்கு ஒத்துவராது. அதனால் மோட்டார்கள் வெளியே, ரோபோவின் கையில் இருக்கின்றன. அங்கிருந்து குழாய் வழியாக மெல்லிய கேபிள்கள் ஓடி, நுனியில் உள்ள கவ்வியின் அலகுகளை, அதாவது பறவையின் அலகுபோலத் திறந்து மூடும் பாகங்களை, இழுத்துத் திருப்புகின்றன.

இழுக்கும் விசை கொஞ்சநஞ்சமல்ல. அலகின் நீளம் 10 மில்லிமீட்டர், கேபிள் சுற்றியிருக்கும் கப்பியின் ஆரம் 2.5 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அலகின் முனையில் ஒரு கிலோ எடைக்குச் சமமான அழுத்தம் வேண்டுமானால், கேபிள் நான்கு கிலோவை இழுக்க வேண்டும். கேபிள் தொய்ந்துபோகாமல் இருக்க முன்கூட்டியே ஏற்றிவைக்கும் இழுவை வேறு இதோடு சேரும். இத்தனையையும் அரை மில்லிமீட்டர்கூடத் தடிமன் இல்லாத ஒரு கேபிள் தாங்குகிறது.

இந்த வேலைக்கு டங்ஸ்டன் கேபிள்களை அதிகம் விரும்புகிறார்கள். டங்ஸ்டன் எஃகைவிடச் சுமார் இரண்டு மடங்கு விறைப்பானது, அதே இழுவைக்குப் பாதிதான் நீளும். வெளியே மோட்டார் சுழன்ற அளவுக்கு உள்ளே அலகும் அசைய வேண்டும் என்றால் இந்த விறைப்பு அவசியம். ஆனால் விறைப்பான உலோகத்தை ஒரே தடித்த கம்பியாகப் போட்டால் சின்னக் கப்பியில் வளையாது. அதனால் நுண்ணிய இழைகளாக்கி முறுக்குகிறார்கள். இதில் ஒரு வகை 0.45 மில்லிமீட்டர் கேபிள்: நடுவில் 49 இழைகள், அவற்றைச் சுற்றி 19 இழைகள் கொண்ட எட்டுப் புரிகள். கூட்டினால் 201. ஒவ்வோர் இழையும் சுமார் 25 மைக்ரான், தலைமுடியில் மூன்றில் ஒரு பங்கு தடிமன்தான்.

சரி, இப்படி 201 இழைகள் கொண்ட ஒன்றின் நுனியை ஒரு குட்டி அலகோடு எப்படிப் பிணைப்பது? கருவியின் ஆயுளும் பருமனும் பெரும்பாலும் இந்தக் கேள்வியில்தான் அடங்கியிருக்கின்றன என்பது என் எண்ணம்.

முடிச்சுப் போட முடியாது. முடிச்சு இடத்தை அடைக்கும், இறுகும்போது நழுவும், கூர்மையாக வளைகிற இடத்தில் இழைகள் சீக்கிரம் ஒடியும். பசை வைத்து ஒட்டலாம் என்றால், 134 டிகிரி நீராவியைப் பலமுறை தாங்கி, அப்புறமும் முழு இழுவையையும் பிடித்துக்கொள்ளும் பசையை நம்பிக் கருவி செய்வது கடினம்.

வெல்டிங் நல்ல வழி, ஆனால் எல்லா இடத்துக்கும் பொருந்தாது. எஃகுக் கம்பியின் பலத்தில் பெரும்பகுதி, அதைச் சூடாக்காமல் இழுத்து இழுத்து மெலிதாக்கியதால் வந்தது. வெல்டிங் சூடு பட்டால் அந்தப் பலம் போய்விடும். பற்றவைத்த இடம் உறுதியாக நிற்கும், அதை ஒட்டிய சில நூறு மைக்ரானில் கம்பி அறும். இதயத்துக்குள் செலுத்தும் வளையும் கதீட்டர்களில் லேசரால் கம்பியை ஒரு வளையத்தோடு பற்றவைக்கிறார்கள். அங்கே இழுவை குறைவு, சூட்டையும் மிகச் சிறிய இடத்துக்குள் அடக்கிவிடலாம். டங்ஸ்டனோ 3,422 டிகிரியில்தான் உருகும். சாதாரண ஈயப்பற்று அதன்மேல் சரியாகப் படியவே படியாது.

மிஞ்சுவது கிரிம்ப். எஃகினாலான ஒரு குட்டிக் குழாயைக் கேபிளில் கோத்து, சுற்றிலும் அழுத்தி நெரிக்கிறார்கள். சைக்கிள் பிரேக் கம்பியின் நுனியில் ஓர் உலோகக் குமிழ் இருக்கும், அது லீவரின் குழிக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும், பார்த்திருப்பீர்கள். கிரிம்பும் அதே மாதிரி அலகின் கப்பியில் வெட்டிய ஒரு பள்ளத்துக்குள் உட்காருகிறது. குறைவாக நெரித்தால் கேபிள் உருவிக்கொண்டு வரும். அதிகமாக நெரித்தால் ஓர இழைகள் அப்போதே வெட்டுப்பட்டுவிடும், வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. அதனால்தான் மாதிரிக்குச் சில துண்டுகளை எடுத்து அறும்வரை இழுத்துப் பார்க்கிறார்கள். கிரிம்பிலிருந்து உருவாமல், கேபிள் நடுவில் அறுந்தால் பிடிமானம் சரியாக இருக்கிறது என்று அர்த்தம்.

கிரிம்ப் வைக்கும் இடத்தில்தான் இந்தத் தொழிலின் நுட்பம் இருக்கிறது. அலகைத் திறக்க ஒரு கேபிள், மூட ஒரு கேபிள் என்று தனித்தனியாகப் போடாமல், ஒரே கேபிளை நடுவில் மடித்து, அந்த நடுவில் கிரிம்பை நெரிக்கலாம். கிரிம்ப் பள்ளத்தில் உட்கார, இரண்டு முனைகளும் பின்னால் போகின்றன. இப்போது கிரிம்ப் தாங்க வேண்டியது இரண்டு பக்க இழுவைகளின் வித்தியாசத்தை மட்டும்தான். இரு பக்கமும் சமமாக ஏற்றிவைத்த முன் இழுவை ஒன்றையொன்று கழித்துக்கொள்கிறது.

அடுத்தது இன்னும் அழகான விஷயம். வளைந்து வளைந்து கேபிள் எளிதில் ஒடியக்கூடிய இடம், அது கிரிம்பை விட்டு வெளியே வரும் விளிம்பு. அந்த இடத்தில் மாறி மாறி வளைந்தால் சில ஆயிரம் அசைவுகளிலேயே இழைகள் ஒவ்வொன்றாகப் போய்விடும். அதனால் அலகு எந்த எல்லைக்குத் திரும்பினாலும், கிரிம்பை அடுத்த கேபிளில் கொஞ்சமாவது கப்பியின் மேலேயே சுற்றியபடி இருக்குமாறு வடிவமைக்கிறார்கள். வளைவு மாறுவது கேபிள் கப்பியை விட்டுப் பிரியும் இடத்தில்தான், கிரிம்பின் விளிம்பு அசையாமல் இருக்கும். அந்தச் சுற்றில் உராய்வும் கொஞ்சம் பாரத்தை வாங்கிக்கொள்கிறது. உராய்வுக் கெழு 0.15 என்றால், கால் சுற்றிலேயே கிரிம்புக்குப் போகும் பாரம் ஐந்தில் ஒரு பங்கு குறையும்.

கேபிளின் பின்முனையில் இதே உராய்வு முழு வேலையையும் செய்கிறது. ரோபோ பக்கத்தில் கேபிள் ஓர் உருளையில் பல முறை சுற்றப்பட்டிருக்கும். சுற்று கூடக்கூட, முனைக்குப் போகும் பாரம் அடுக்கடுக்காகக் குறையும். அதே உராய்வில் மூன்று சுற்றுப் போட்டால் 5 கிலோ இழுவை முனையில் 300 கிராமாகச் சுருங்கிவிடும். அங்கே சின்னப் பிடிப்பே போதும். நுனியிலும் இப்படியே செய்யலாமே என்றால், மூன்று சுற்றுக்கு அங்கே இடம் இல்லை.

எண்டோஸ்கோப்பின் கதை கொஞ்சம் வேறு. அதன் வளையும் பகுதியில் நான்கு கம்பிகள் நுனி வளையத்தில் பிணைக்கப்பட்டிருக்கும். இரைப்பை எண்டோஸ்கோப் வழக்கமாக மேல்பக்கம் 210 டிகிரி வரை வளையும். நாளாக ஆகக் கம்பிகள் நீண்டு, திருகை முழுக்கத் திருப்பினாலும் அந்தக் கோணம் வராமல் போகும். பழுதுபார்ப்பவர்கள் திறந்து, தொய்வை எடுத்து மறுபடி இறுக்குவார்கள். மேலே உள்ள ரப்பர் உறையில் ஓட்டை விழுந்து ஈரம் புகுந்தால் பிணைப்புகள் அரிக்கத் தொடங்கும். ஒவ்வொரு முறை கழுவும் முன்பும் கசிவுச் சோதனை செய்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

மணிக்கட்டுக் கருவிகளை அப்படிப் பிரித்து இறுக்குவது உற்பத்தியாளர் எதிர்பார்க்கும் வேலையல்ல. லிஃப்ட் கயிறு ஏறும் கப்பி, கயிற்றின் விட்டத்தைப் போல் 40 மடங்காவது இருக்க வேண்டும் என்பது நெடுநாள் விதி. இங்கே 10 மடங்கு கிடைத்தாலே பெரிது, அதனால் கேபிள் தேய்ந்துதான் தீரும். டா வின்சி கருவிகளில் ஒரு சிப் பயன்பாட்டை எண்ணிக்கொண்டே வரும். பலவற்றுக்கு 10 முறை என்றிருந்த வரம்பு, 2020-இல் சில கருவிகளுக்கு 12 முதல் 18 வரை உயர்ந்தது.

பிணைப்பே இல்லாமல் செய்யும் முயற்சிகளும் நடக்கின்றன. உலோகக் குழாயின் சுவரையே லேசரால் நீளவாக்கில் கீறி, பட்டைகளாக்கி, அவற்றையே கம்பிகளாக இழுக்கலாம். பட்டையும் நுனி வளையமும் ஒரே உலோகம் என்பதால் கிரிம்ப், வெல்டிங் எதுவும் வேண்டாம், கருவியின் நடுப்பகுதியும் காலியாகக் கிடைக்கும். ஆனால் குழாய்ச் சுவரின் தடிமன் உள்ள ஒரு பட்டை, 25 மைக்ரான் இழைகள்போல இரண்டரை மில்லிமீட்டர் ஆரத்தில் மடங்காது. நீண்ட வளைவாக மெல்லத் திரும்பும் கருவிகளுக்கு அது பொருந்தும். மணிக்கட்டுபோலச் சட்டென்று மடங்க வேண்டிய இடத்தில் இன்றும் கேபிளும் கிரிம்பும்தான்.